வாசலில் காய்ந்த வெள்ளைத் துண்டு

ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டில், வீட்டிலேயே காய்ச்சி விற்கும் முதல் பானை பீர் பிடிக்காவிட்டால் அந்த வீட்டுப் பக்கம் யாரும் திரும்ப வரமாட்டார்கள், கண்ணுகளா. அதனால் புதிதாகப் பீர் காய்ச்சி விற்க நினைத்த லிம்போ, பீர் தயார் என்று வெள்ளைக்கொடி கட்டிய வீடுகளிலெல்லாம் முதலில் குடித்துப் பார்த்தாள். ஒன்று புளித்தது, ஒன்று கூழாக இருந்தது, ஒன்று கசந்தது. எதைக் காய்ச்சுவதென்றே புரியவில்லை. குழம்பிப்போய் வீடு திரும்பியவள், துவைத்த வெள்ளைத் துண்டை வாசல் கம்பத்தில் காயப்போட்டாள்.

சற்று நேரத்தில் இருவர் தகரக் குவளையோடு வந்தார்கள்.

"பீரு எங்க தங்கச்சி?"

"ஐயோ அண்ணே, அது துண்டு!"

"கொடியக் கட்டிட்டு துண்டுங்கிறியே! சரி, சனிக்கிழமை வர்றோம். நல்லாப் புளிக்கட்டும்."

"புளிப்புக்கு இவன் மூஞ்சியே போதும். எனக்குக் கூழாட்டம் காய்ச்சும்மா."

லிம்போ முளைகட்டிய சோளமாவைக் கரைத்தாள். என்ன பீர் என்று அவளுக்கே தெரியாது.