பிரேக்கை மிதிக்கும் கால்

குறை சொல்வதற்கென்று ஒரு பரிசு இருந்திருந்தால், வருஷா வருஷம் அதை டிரைவர் வீட்டுக்கே நேராக அனுப்பியிருக்கலாம், போட்டி நடத்துகிற செலவாவது மிச்சம். டீயில் சர்க்கரை கூட. தலையணை அரை அங்குலம் உயரம். பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுகிறது, கேட்பாரில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டி, முதுகெலும்பின் அடித்தட்டு தேய்ந்து, நாலு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தவர் அவர். உட்கார்ந்தவர் என்று சொல்வதே தப்பு. அந்த மனிதரால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரத்தான் முடியாதே!

இதில் கொடுமை என்னவென்றால், அவர் மனைவிக்கு வேலை விமான இருக்கை செய்கிற தொழிற்சாலையில். நுரை மெத்தையை அளவாக வெட்டி உறை போடுகிறவள். கையும் வேகம், வாயும் வேகம் என்பதால் அங்கே அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் உட்கார மெத்தை வெட்டுகிறவளுக்குச் சொந்தப் புருஷனை உட்காரவைக்க வழி தெரியவில்லை. தலையெழுத்து என்று வேறு எதைச் சொல்வது?

போன மாதம் வரை இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதியாகத்தான் இருந்தது. பிறகுதான் டிரைவரின் அக்கா போன் செய்தாள். கடல் தாண்டி மகன் வீட்டில் இருக்கிறவள், இவருக்குப் பதினான்கு வயது மூத்தவள். அம்மா போன பிறகு இவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். ஒன்பது வருஷமாக இருவரும் போனில்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

"உன் மூஞ்சி இதுல தெரியலடா தம்பி. வெள்ளையா என்னமோ ஆடுது. அது நீயா, கொடியில காயற சட்டையான்னு எனக்குத் தெரியல."

"கண்ணாடிய மாத்துக்கா."

"கண்ணையே மாத்தினாத்தான் உண்டு. நாலஞ்சு மாசம்தான், அப்புறம் மொத்தமா போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். கிட்டத்துல வந்தா இன்னும் தெரியுது. அதுக்குள்ள ஒரு தடவை வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போடா."

"பாக்கலாம்க்கா" என்று போனை வைத்தார். அப்புறம் ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டுக் குழாயைத் திட்டினார். அவர் குழாயைத் திட்டவில்லை என்பது கத்தரிக்கோலுக்குத் தெரியும்.

பதினான்கு மணி நேரப் பயணம் அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை கிளம்பத்தான் செய்தார்கள். முதல் விமானம் நாலு மணி நேரம். இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருந்த இடத்தில், ஜனங்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு போகிற வழியிலேயே டிரைவர் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. இவள் பக்கத்தில் உட்கார்ந்து, தாண்டிப் போகிறவர்களின் காலையெல்லாம் எண்ணினாள். விமானம் போயே போய்விட்டது. திரும்பி வரும்போது அந்த நாலு மணி நேரத்தையும் கழிப்பறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கடத்தினார்.

"பிசினஸ் கிளாஸ்ல படுத்துக்கிட்டே போலாமாம்" என்று ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"போலாமே. வீட்ட வித்தா ரெண்டு டிக்கெட் வரும். திரும்பி வந்து அந்தக் குழாயடியில படுத்துக்கலாம்."

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

தொழிற்சாலையின் பின்பக்கம் ஒரு கொட்டகை. அதற்குள் இறக்கையும் இல்லாமல் வாலும் இல்லாமல் ஒரு விமானத்தின் நடுத்துண்டு மட்டும் நின்றது. உள்ளே மூன்று வகுப்பு இருக்கைகளும் வரிசையாக. புதிதாக ஒரு இருக்கை செய்தால் வெளியாட்களைக் கூப்பிட்டு, காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை அதில் உட்காரவைத்து, எங்கே வலிக்கிறது என்று கேட்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கத்தரிக்கோலுக்குப் பொறி தட்டியது.

"தரையில நிக்கிற பிளேன்ங்க. முடியலன்னா கதவைத் தெறந்துட்டு நடந்தே வீட்டுக்கு வந்துடலாம். ஒரு தடவை உக்காந்து பாருங்களேன். முடிஞ்சா டிக்கெட் போடுவோம். முடியலன்னா இனிமே நான் அந்தப் பேச்சே எடுக்கல."

டிரைவர் வெகு நேரம் யோசித்தார். "டீ குடுப்பாங்களா?" என்று கேட்டார். அதுதான் சம்மதம்.

சோதனை நடத்துகிறவள் ஒரு பொறியாளர்ப் பெண். கண்ணைச் சுற்றிக் கருவளையம், கையில் அட்டை. அவள் கவலை அவளுக்கு. ஆறு மாதமாக இந்த எகானமி இருக்கையில் யாரை உட்காரவைத்தாலும் 'பரவாயில்லை' என்றே எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இவள் மட்டும் அதில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் நொண்டிக்கொண்டு எழுந்திருக்கிறாள்.

"முதல்ல மூணு வகுப்புலயும் கொஞ்ச நேரம் உக்காருங்க சார். அப்பத்தான் ஒப்பிட்டுச் சொல்ல முடியும்."

பிசினஸில் பட்டனை அமுக்கினார். இருக்கை முனகிக்கொண்டே படுக்கையானது. புது மாப்பிள்ளை தோரணையில் டிரைவர் கால் நீட்டினார். கால் ஒரு பொந்துக்குள் போனது. இடுப்பு மெத்தைக்குள் இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது.

"எப்படி சார் இருக்கு?"

"பிரமாதம்ங்க."

உறையைச் சரிபார்க்கவும் டீ கொடுக்கவும் கூட இருந்த கத்தரிக்கோல் குனிந்தபோது அவள் காதில் மட்டும் சொன்னார்: "படுக்கையாடி இது? சேறு. இடுப்பு உள்ள போயிடுச்சு, தூக்க கிரேன் வேணும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை நாள் இந்த இருக்கைக்காக ஏங்கியிருக்கிறாள்! வீட்டையே விற்று அனுப்பியிருந்தாலும் இந்த மனிதர் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கியிருப்பார்.

பிரீமியத்தில் இடம் தாராளம். ஆனால் கால் தாங்கி மேலே வந்து, குள்ளமான அவருடைய ஆடுசதையைப் பிடித்து முட்டியை நெஞ்சுக்குத் தள்ளியது. "ரொம்ப வசதிங்க" என்றார்.

எகானமியில் உட்கார்ந்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. மெத்தை கெட்டி. பஸ் இருக்கையும் கெட்டிதானே. ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஓடியது. கத்தரிக்கோல் மனசுக்குள் டிக்கெட்டே போட்டுவிட்டாள்.

மூன்றாவது மணியில் பொறியாளர்ப் பெண் வந்து கேட்டாள். பரவாயில்லைங்க. ஐந்தாவது மணியில் சாப்பாடு வந்தது. பரவாயில்லைங்க. வீட்டில் புலி, வெளியில் எலி என்பார்களே, அதை அன்றைக்கு அவள் கண்ணால் பார்த்தாள். ஏழாவது மணியில் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. இவள் பார்வை தன்னால் கீழே போனது. வலது கால் நுனி தரையை அழுத்திக்கொண்டிருந்தது. விட்டு விட்டு, பலமாக. முப்பது வருஷப் பழக்கம் அது. வலி உச்சத்துக்குப் போனால் அவர் கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

"சார், எப்படி இருக்கு?"

"பரவாயில்லைங்க."

தொழிற்சாலை ஆட்கள் வாய் திறக்கக் கூடாது என்பது சோதனையின் சட்டம். சட்டமாவது மண்ணாவது! கையிலிருந்த டீத்தட்டை நங்கென்று வைத்தாள்.

"என்னங்க பரவாயில்ல? தலையணை அரை அங்குலம் ஒசந்தா ஊரைக் கூட்டற மனுஷன், இங்க வந்து எதுக்கு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? எங்க வலிக்குதுன்னு சொல்லித் தொலைங்களேன்!"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்படிடீ சொல்றது? காலையிலேருந்து டீ குடுக்கறாங்க, சோறு போட்டாங்க, சார் சார்ங்கறாங்க. அவங்க உப்பத் தின்னுட்டு அவங்க நாற்காலியவே குத்தம் சொல்லவா?" குரல் உடைந்தது. "உயிர் போவுதுடீ. தொடைக்குக் கீழ ரெண்டும் மரத்துப்போச்சு. என்னால முடியல. அக்காகிட்ட நீயே சொல்லிடு. உன் தம்பியால வர முடியலன்னு சொல்லிடு."

சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏன்தான் இவரை இங்கே இழுத்துவந்தோமோ என்று கத்தரிக்கோல் தன்னையே சபித்துக்கொண்டாள்.

அப்போது பின்வரிசையில் சோதனைக்கு உட்கார்ந்திருந்த ஒரு தபால்காரர் மெல்லக் கையைத் தூக்கினார். "எனக்கும் தொடை மரத்துப்போச்சுங்க. அப்பவே. சொன்னா நல்லா இருக்காதேன்னு..."

"எனக்கு கழுத்து" என்றாள் ஒரு டீச்சர்.

"உங்களுக்கெல்லாம் புண்ணியமாப் போகும்" என்று பொறியாளர்ப் பெண் பாதையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "இதைக் கேக்கத்தானே ஆறு மாசமா சோறு போடறேன்! குறை சொன்னாத்தான் சார் எனக்கு உபகாரம். சொல்லுங்க. எங்க?"

டிரைவர் மூக்கை உறிஞ்சினார். "உபகாரமா?"

"சத்தியமா."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. முதுகுக்கு வைத்த மேடு நெட்டையானவர்களுக்கு. இவருக்கு அது தோள்பட்டையில் குத்துகிறது, இடுப்புக்குப் பின்னால் வெறும் பள்ளம். முன்விளிம்பு ஒரு விரல் உயரம் கூட. கால் தரையில் பாவாததால் தொடையை அறுக்கிறது. முப்பது வருஷம் ஓட்டுநர் இருக்கையில் துண்டைச் சுருட்டி எங்கே வைத்தார், எந்தக் கோணத்தில் வைத்தார் என்று எழுந்து நின்று தன் முதுகைத் திருப்பிக் காட்டினார். அப்படியே பிசினஸ் சேற்றையும் பிரீமியம் கால் தாங்கியையும் ஒரு பிடி பிடித்தார். பொறியாளர்ப் பெண் எழுதி மாளவில்லை.

கத்தரிக்கோல் அதற்குள் அங்கே இல்லை. தன் மேஜைக்கு ஓடியிருந்தாள். அவர் விரல் வைத்துக் காட்டிய இடம் கண்ணிலேயே நின்றது. வெட்டி ஒதுக்கிய துண்டுகளில் கெட்டியான கறுப்பு நுரையாகப் பார்த்து எடுத்து, அடியில் நாலு விரல் கனம், மேலே போகப் போக ஒரு விரலாகச் சரித்து வெட்டினாள். காலுக்கு ஒரு கட்டை, மூணு விரல் உயரம். இருபத்தாறு வருஷம் எல்லார் முதுகுக்கும் ஒரே அளவில் வெட்டிய கை, அன்றைக்குத்தான் ஒரு முதுகுக்காக வெட்டியது.

பள்ளத்தில் நுரையைச் செருகிவிட்டு உட்காரச் சொன்னாள். அவர் உட்கார்ந்தார். நெளிந்தார். "கொஞ்சம் கீழ" என்றார். இறக்கினாள். "ம்" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து குறை இல்லாத ஒரு 'ம்' வந்து எத்தனை நாளாயிற்று!

"இன்னிக்கு ஏற்கெனவே நொந்த முதுகு சார்" என்றாள் பொறியாளர்ப் பெண். "அடுத்த ஞாயிறு முதல்லேருந்து உக்காருங்க. பதினாலு மணி நேரம். இந்த நுரையோட."

அந்த வாரம் முழுக்க வீட்டில் குறையே எழவில்லை. குழாய் பாட்டுக்குச் சொட்டியது. சனிக்கிழமை விளக்கை அணைக்கும்போது டிரைவர் கேட்டார், "முடியலன்னா?"

"முடியலன்னா இன்னொரு துண்டு வெட்டுவேன். நுரைக்கா பஞ்சம்?" என்றாள். அவளுக்கும் தூக்கம் வரவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தார். நடைபாதை ஓரம்தான் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கிக்கொண்டார். மணிக்கு ஒருதரம் எழுந்து கதவு வரை நடந்து வந்தார். நடுவில் குறைக்குப் பஞ்சமே இல்லை. டீ ஆறிப்போச்சு, இதென்ன பல்புங்க, முன்னாடி ஆள் சாய்ஞ்சா பின்னாடி ஆள் சோறு எங்க வெச்சுத் திங்கறது? பொறியாளர்ப் பெண் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி எழுதிக்கொண்டாள். வலி வராமல் இல்லை. ஒன்பதாவது மணியில் கால் பிரேக்கைத் தேடியது. கத்தரிக்கோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவர் எழுந்தார், நடந்தார், நுரையைக் கொஞ்சம் மேலே தள்ளினார், மறுபடி உட்கார்ந்தார்.

எட்டு மணிக்கு மணி அடித்தது. எல்லோரும் சோம்பல் முறித்து எழுந்தார்கள். டிரைவர் மட்டும் எழவில்லை. இவள் பாய்ந்து கிட்டே போனாள்.

மனிதர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். வலது கால் கட்டையிலிருந்து நழுவி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, எதையும் மிதிக்காமல் சும்மா கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"அண்ணி! உங்க தம்பி பதினாலு மணி நேரம் உக்காந்துட்டாருங்க!"

"யாரு, அவனா? ஒரு வாய் சோறு ஊட்ட அவன் பின்னாடி வீட்ட நாலு சுத்து சுத்துவேன். என்கிட்டயே கதை விடறியா?"

சத்தத்தில் டிரைவர் விழித்துக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். பிறகு போனைப் பிடுங்கினார்.

"அக்கா, நான்தான். அடுத்த மாசம் வரேன். இந்தா பாரு, அதுவரைக்கும் டிவி கிவின்னு பாத்துக் கண்ணை வீணாக்காத. யாரு வந்தாலும் பாக்காத. பேசாம கண்ணை மூடிட்டு உக்காரு. இருக்கற வெளிச்சத்தை எனக்கு மிச்சம் வை."

"மூடிட்டேன்டா" என்றாள் அக்கா. "வா."