கேட்டைப் போடு

நம்ம வேலை கேட்டுக்காரன் வேலைங்க. கால்வாய்க்குக் குறுக்க நிக்குதே இரும்புக் கதவு, அதை ஏத்துனா தண்ணி போகும், எறக்குனா நிக்கும். அவ்வளவுதான். மைசூர்ல இருந்து நஞ்சன்கூடு போற ரோட்டுல பிரிஞ்சு, கரை மேலயே வண்டித்தடத்துல மூணு மைல் வந்தா என் தகரக் கொட்டாய். பேரு கெம்பையன். பேரைக் கேட்டுட்டு எல்லாரும் கன்னடத்துல ஆரம்பிப்பாங்க. ஹனூர்ப் பக்கம், வீட்டுல தமிழ்தான்.

முப்பது வருசம் கையால சக்கரம் சுத்துனேன். அப்பெல்லாம் எனக்கு இருந்த மவுசு என்னங்கறீங்க! கடைமடைக்காரன் இளநி வெட்டிக் குடுத்துக் கெஞ்சுவான், மேல்மடைக்காரன் மண்வெட்டியைத் தூக்கிட்டு வருவான். சண்டைதான், ஆனா ஆளு இருந்துச்சு. இப்ப மோட்டார் வெச்சுட்டாங்க. மைசூர் ஆபீசுல ஒரு பொண்ணு திரையைப் பார்த்துப் பட்டனை அமுக்குனா இங்க கதவு தானா ஏறுது. விவசாயிக போன் பண்றதும் அங்கதான். எனக்கு மிச்சம் ரெண்டே வேலை. காலையில தண்ணி மட்டம் காட்டற அளவுக்கல்லைப் போட்டோ புடிச்சு அனுப்பணும். கதவு ஏறறதுக்கு முன்னால கீழ யாரும் இல்லைன்னு பார்த்துக்கணும். சம்சாரம் போய்ச் சேர்ந்து ஆறு வருசம் ஆச்சு. சில நாள் அந்த அளவுக்கல்லுகிட்டயே "என்ன, சௌக்கியமா"ன்னு கேட்டிருக்கேன், சிரிக்காதீங்க.

மனுச வாசனைன்னா அது லிங்கம்மாதான். மைசூர் தேவராஜ மொஹல்லா லாட்ஜுகளோட போர்வையெல்லாம் மூட்டை மூட்டையா ஆட்டோவுல கொண்டாந்து, கேட்டுக்குக் கீழ இருக்கற படியில துவைக்கும். கொள்ளேகாலத்துக்காரி, என்னை விட நாலு வயசு மூத்தது. காது மந்தம், கத்துனாக் கேக்காது. படியில பதிச்ச இரும்புக் கம்பி ஒண்ணு தண்ணி வரைக்கும் எறங்கும். கதவு ஏறப் போகுதுன்னா அதுல நான் சுத்தியால மூணு தட்டு தட்டுவேன், அதிர்வு லிங்கம்மாவோட பாதத்துக்குப் போயிரும். ஏறி வந்து என்னைத் திட்டும்.

"ஏண்டா கேட்டுக்காரா, நானென்ன செவிடியா? வாயைத் தொறந்து சொன்னா முத்து உதிர்ந்துருமா?"

தினமும் பத்து மணிக்கு இந்த அர்ச்சனை. பதிலுக்கு நானும் ரெண்டு விடுவேன். கேக்காதுங்கற தைரியம். அப்புறம் தூக்குல கொண்டாந்த டீயை ரெண்டு டம்ளர்ல ஊத்தும்.

ஆபீசுப் பொண்ணு பேரு தமிழ்ப்ரியா. பேருலதான் தமிழ். மைசூர்லயே வளர்ந்த புள்ள, பேச்சுக்குப் பேச்சு ஒரு 'அல்வா' குடுக்கும். கன்னடத்துல 'இல்லையா'ங்கறதுக்கு அதுதான். "அங்கிள், கீழ யாரும் இல்ல அல்வா? ஏத்தறேன்"னு கேட்டுட்டுத்தான் ஏத்தும்.

ஒரு நாள் அந்தப் புள்ள போன் அடிச்சு எனக்கு லைன் கிடைக்கலை. கடைமடைக்காரங்க அவசரப்படுத்த, ஏத்திருச்சு. மோட்டார் உறுமறதைக் கேட்டு ஓடிப்போய்க் கம்பியில தட்டுனேன். லிங்கம்மா ஏறத்தான் பார்த்துச்சு. அதுக்குள்ள ரெண்டு போர்வை மிதந்து போக, அதைப் புடிக்க நடுத்தண்ணியில எறங்கிருச்சு, வெவரங்கெட்டது! நான் போன் அடிச்சேன், நல்லவேளை இப்ப லைன் கிடைச்சுது. "கண்ணு, கேட்டைப் போடு! சீக்கிரம் போடு!"ன்னு அலறுனேன்.

எங்களுக்குக் கேட்டைப் போடறதுன்னா மூடறது. ரயில்வே கேட்டைப் போட்டாச்சுன்னு சொல்றதில்லையா, அப்படி. அந்தப் புள்ளைக்குப் போடறதுன்னா லைட்டைப் போடறது, பேனைப் போடறது. போட்டுருச்சு. கதவு இன்னும் ரெண்டடி மேல போச்சு.

லிங்கம்மாவுக்கு இடுப்புல இருந்த தண்ணி மாருக்கு வந்துருச்சு. "போடுங்கறேன், ஏன் ஏத்தறே!"

"போட்டுட்டேன் அங்கிள், ஆன்லதான் இருக்கு அல்வா?"

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. "எறக்கு! கீழ எறக்கு!"ன்னு கத்திட்டுப் போனை வீசுனேன். கம்பியைப் புடிச்சுக்கிட்டு எறங்கி, லிங்கம்மாவோட கொண்டையைக் கெட்டியாப் புடிச்சு இழுத்தேன். கரை ஏறுனதும் பளார்னு ஒண்ணு விட்டுச்சு. "பொம்பளை கொண்டையிலயா கை வெப்பே?" அப்புறம் என் கையைப் புடிச்சுக்கிச்சு. ரொம்ப நேரம் விடலை. சம்சாரம் போனதுக்கப்புறம் என் கையை யாரும் புடிச்சதில்லைங்க.

மறுநாள் இஞ்சினியர் காகிதத்தோட வந்தார். "கெம்பையா, கீழ ஆள் இருந்தாங்கன்னு எழுதுனா ரெண்டு கரையிலயும் வேலி போட்டுப் படியை அடைச்சுருவாங்க. இல்லைன்னு எழுதுனா பழையபடியே இருக்கும். பார்த்து எழுது."

வேலி வந்தா லிங்கம்மா வராது. அது வராட்டி நாளெல்லாம் நான் யாரு மூஞ்சியைப் பார்க்கறது? இல்லைன்னு எழுதிட்டா நாளைக்குப் பத்து மணிக்குத் திட்டும் உண்டு, டீயும் உண்டு. ஆனா நான் காய்ச்சல்ல படுத்திருக்கற அன்னிக்கு மோட்டார் உறுமுனா? கம்பியை யாரு தட்டுவா? இருந்தாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதினஞ்சே நாள்ல வேலி வந்துருச்சு. படிக்கு நேரா ஒரு சின்னக் கதவு, அதுக்குப் பூட்டு, சாவி எங்கிட்ட. இப்ப என் வேலை அதைத் தொறக்காம இருக்கறது.

லிங்கம்மா மூட்டையோட வந்து நின்னுச்சு. "தொறடா."

முடியாதுன்னு கையை ஆட்டுனேன்.

"நீதான் எழுதிக் குடுத்தியாமே?"

தலையை ஆட்டுனேன். ஏன் எழுதுனேன்னு சொன்னேன். தொண்டை கிழியக் கத்திச் சொன்னேன். அதுக்குக் கேக்கலை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்னு என்னையே பார்த்துச்சு. திட்டும்னு காத்திருந்தேன், திட்டுனாத் தேவலைன்னு இருந்துச்சு. திட்டலை. மூட்டையைத் தூக்கி ஆட்டோவுல போட்டுட்டுப் போயிருச்சு.

இப்பவும் பத்து மணிக்குத் தமிழ்ப்ரியா போன் பண்ணும். "அங்கிள், மேல ஏத்தணும் அல்வா? கீழ எறக்கறது இல்ல அல்வா?"ன்னு ரெண்டு தடவை கேக்கும், பாவம். "இரு கண்ணு"ன்னு சொல்லிட்டு, பூட்டைத் தொறந்து உள்ள போய்க் கம்பியில மூணு தட்டு தட்டறேன். கொஞ்ச நேரம் நிக்கறேன்.

"ஆளில்லை கண்ணு, ஏத்து."