கிளட்சுக்கு ஒரு சாண்

யுத்தத்துக்கென்று வெள்ளைக்காரன் கொண்டுவந்து, போகும்போது போட்டுவிட்டுப் போன செவர்லே லாரிகளில் ஒன்று பர்மாவில் எங்கள் மௌல்மீனிலிருந்து முடோனுக்கு இன்னும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அதைச் செய்தவன் கையில் கிடைத்தால் ஒரு கேள்வி கேட்பேன். எஞ்சினை முன்னால் மூக்குக்குள் வைக்காமல் டிரைவரின் தொடைக்குப் பக்கத்தில் எதற்கடா வைத்தாய்? மிச்சமுள்ள இடத்தில் மனுஷன் உட்காருவதா, கோழி உட்காருவதா?

வண்டி கோ ஒன் ஜோ என்கிற பர்மாக்காரருடையது. அவருக்கு இடது முழங்கால் மடங்காது. சின்ன வயதில் தேக்குக் கட்டை உருண்டு விழுந்து, எலும்பு அப்படியே இறுகிவிட்டது. மற்ற லாரிகளில் முட்டியை மடக்காமல் கிளட்சை மிதிக்க முடியாது. இந்த வண்டியில் மட்டும், ஒல்லியான பழைய பெட்ரோல் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு சந்து இருந்திருக்கிறது. அதில் காலை நேராக நீட்டி, இடுப்பால் உந்தி மிதிப்பாராம். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வருஷக்கணக்காக ஓட்டுகிறவரிடம் போய் எப்படி மிதிக்கிறீர்கள் என்று எந்த மெக்கானிக் கேட்பான்? எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்த வண்டி ஓடினால் அவர் டிரைவர், நின்றால் வீட்டுத் திண்டில் சாய்ந்து கிடக்கிற நொண்டி. அவரே அப்படித்தான் சொல்லுவார்.

பழைய எஞ்சின் வெடிப்பு விட்டு, பற்றவைத்தும் நிற்காமல் போனது. வீட்டுக் கொல்லையை விற்று, ரங்கூன் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு ஜப்பான் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து என் பட்டறையில் இறக்கினார். பார்த்ததுமே அளவுகோலை எடுத்து அளந்தேன். நீளம் குறைவுதான், ஆனால் உயரம், அகலம் இரண்டிலும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா மாதிரி இருந்தது.

உள்ளே விட்டால் அடித்தொட்டி முன் அச்சில் இடித்தது. தொட்டியை அறுத்து ஒட்டினேன். ரேடியேட்டரை முன்னால் தள்ளினேன். இடதுபக்கம் ஸ்டார்ட்டர் சேஸிஸில் முட்டியது, அந்தப் பக்கம் ஒரு நூல்கூட நகர்த்த வழியில்லை. வலதுபக்கம் டீசல் பம்ப் துருத்திக்கொண்டு நின்றது. வேறு வழியில்லாமல் அதன்மேல் மூடுகிற தகரப் பெட்டியை டிரைவர் பக்கம் ஒரு சாண் புடைக்கவிட்டு அடித்தேன். சீட்டை வைப்பதற்கு முன் அவரைக் கூப்பிட்டேன்.

"ஒரு தடவ ஏறி உக்காந்து பாருங்கண்ணே. கால் எட்டுதான்னு தெரியணும்ல."

"எஞ்சின் கழட்டின வண்டி பொணம், சயா. நாட் சாமிக்குத் தேங்கா வைக்காம சொந்தக்காரன் அதுல உக்காந்தா, அடுத்த பொணம் அவன்தான். நீங்களே உக்காந்து பாத்துக்குங்க."

இது அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த டிரைவர் போட்ட சட்டம். ஸ்பேனர் பிடிக்கிற என்னை சயா என்று குருவாக்கிக் கும்பிடுவார், ஆனால் என் பேச்சு அந்தச் சட்டத்துக்கு முன்னால் எடுபடாது. நானும் சாமி விஷயத்தில் வாயைக் கொடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். நான் உட்கார்ந்து பார்த்தேன். அவர் மச்சினன் தா டுன், அந்த வண்டியின் கண்டக்டர், அவனும் உட்கார்ந்து பார்த்தான். புடைப்பைச் சுற்றி முட்டியை மடக்கிக் கொண்டுபோனால் கிளட்ச் கிடைத்தது. எங்கள் இரண்டு பேருக்கும் முட்டி மடங்கும். அது எங்கள் புத்தியில் உறைக்கவே இல்லை.

ஜோசியர் குறித்துக் கொடுத்த நாளில் தா டுன்தான் வண்டியை முடோன் ரோட்டு ஆலமரத்தடிக்கு ஓட்டிவந்தான். அங்கே வழி காக்கிற நாட் சாமியின் மாடம் இருக்கிறது. கோ ஒன் ஜோவின் மனைவி மா சென் யி தேங்காயும் வாழைச்சீப்பும் தட்டில் வைத்துப் படைத்தாள். முன்பக்கம் சிவப்புத் துணி, வெள்ளைத் துணி, நாவல் கொத்து எல்லாம் கட்டியாயிற்று. இனி சொந்தக்காரர் ஏறி, சாமிக்கு முன்னால் வண்டியை மூன்று தடவை முன்னும் பின்னும் நகர்த்தவேண்டும். வண்டி போடுகிற கும்பிடு அது. நல்ல நேரம் முடிவதற்குள் போட்டாகவேண்டும்.

புது லுங்கி சரசரக்க அவர் ஏறினார். இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். டங்கென்று தகரத்தில் ஒரு சத்தம். மறுபடியும் டங். இடுப்பை நெளித்தார், சீட்டின் நுனிக்கு வந்தார், பின்னால் சரிந்தார். நான் கதவருகே ஓடினேன். அவர் பாதத்துக்கும் கிளட்சுக்கும் நடுவில் என்னுடைய அந்த ஒரு சாண் நின்றது.

"இந்தத் தகரத்தக் கொஞ்சம் உள்ள தட்ட முடியுமா, சயா?"

"அதுக்குப் பின்னாடி ஒரு விரக்கடைதான் இருக்குண்ணே. அப்புறம் பம்ப்."

ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் மாற்றலாமா என்று கேட்டார். இந்த ஜாதி வண்டிக்கு அந்தப் பக்கத்து ஸ்டியரிங் பெட்டி உலகத்திலேயே கிடையாது. பழைய எஞ்சினைத் திரும்ப ஏற்றலாமென்றால் அது காயலான் கடையில் உடைந்து கிடக்கிறது. மிதியை இந்தப் பக்கம் இழுத்தால் பிரேக்கும் கிளட்சும் ஒரே காலுக்குள் வரும், ஆள் ஏற்றுகிற வண்டியில் அதை எவன் செய்வான்? கைக்கு ஒரு கிளட்ச் வைத்துத் தருகிறேன் என்று நான்தான் வாய் குழறிச் சொன்னேன்.

"ஒரு கைல ஸ்டியரிங், ஒரு கைல கியரு. மூணாவது கைய எந்தச் சந்தையில வாங்குறது?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கு அந்தத் தகரத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு அழவேண்டும்போல் இருந்தது. மா சென் யி தரையைப் பார்த்தபடி நேரம் முடியப்போகிறது என்று மெல்லச் சொன்னாள்.

அவர் காலைத் தூக்கி வெளியே வைத்து இறங்கினார். "தா டுன், நீ ஏறு."

அவன் மாட்டேன் என்று பின்வாங்கினான். அவர் அவன் தோளைப் பிடித்து ஏற்றிவிட்டு, தான் சுற்றிக்கொண்டு போய் எஞ்சினுக்கு அந்தப் பக்கம், ஆள் உட்காருகிற சீட்டில் ஏறிக்கொண்டார். வண்டி மூன்று தடவை கும்பிட்டது. டீசல் எஞ்சின் ஒரு பிசிறில்லாமல் உறுமியது.

"எஞ்சின் அருமையா இருக்கு, சயா" என்றார் என்னைப் பார்த்து. என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நானும் மா சென் யியும் பின்னால் ஏறிக்கொண்டோம். கண்ணாடியில்லாத சின்ன ஜன்னல் வழியாக முன்பக்கம் தெரிந்தது. அவர் இருந்த பக்கம் காலை நீட்ட வேண்டிய அளவு இடம் இருந்தது. தா டுன் கியரைத் தொடும்போதெல்லாம் அவருடைய நீட்டிய இடது கால் வெறும் தரைத் தகரத்தை அழுத்தியது, விட்டது. மேடு வந்தது. தா டுன் கியர் மாற்றத் தெரியாமல் தாமதித்தான். அவர் கால் முன்பே அழுத்திக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தது.