யாருது?

இரண்டாவது பிளேடும் முறிந்து தெறித்தது. எதிர்க்கடைப் பூட்டுக்காரர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டார். பூட்டின் வளையத்தில் நகக்கீறல் அளவுகூடத் தடம் விழவில்லை.

"அவரே காய்ச்சி எண்ணெய்ல முக்கின இரும்புங்க. உயிரோட இருந்தா என்னப் பாத்துச் சிரிச்சிருப்பாரு."

முன்னறையில் அவர் சிரிக்காமல் படுத்திருந்தார். காலையில் கடைக்குக் கிளம்பும்போது ஒரு செருப்பை மாட்டிவிட்டு மற்றதற்குக் குனிந்தவர், நிமிரவில்லை. எழுபத்தொன்பது வயது. நேற்று மாலைவரை மூன்று பூட்டு பழுது பார்த்திருந்தார்.

பின்னறையில், அந்த இரும்புப் பெட்டிக்கு எதிரே, அவருடைய அண்ணன் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் அவர் பெரியவர்தான். எண்பத்து மூன்று வயதிலும் நாற்காலியில் முதுகு சாய்த்ததில்லை. சாய்ந்து உட்காருகிற குடும்பம் இல்லை இது என்பார்.

பெட்டிக்குள் தம்பியின் பட்டாளத்துப் புத்தகம் இருந்தது. எந்தப் படை, எத்தனை வருஷம், எப்படி வெளியே வந்தார் என்று எழுதி முத்திரை குத்திய புத்தகம். முன்னாள் படைவீரர் சங்கத்துச் செயலாளர் மடித்த கொடியோடு வாசலில் நின்றிருந்தார். இறந்தவர் ஒரு நாளும் சங்கத்துப் பக்கம் வந்ததில்லை, பதிவில் பெயர் இல்லை, புத்தகத்தை ஒரு தடவை கண்ணில் காட்டினால் கொடி போர்த்திவிடலாம் என்று மரியாதையாகத்தான் சொன்னார். நாலு மணிக்கு எடுக்கவேண்டும். மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

தலைமாட்டு ஆணியில் தொங்கிய சாவி பூட்டுக்குள் போயிற்று. ஆனால் திரும்பவில்லை. பட்டறையிலிருந்து கட்டிங் மெஷினை எடுத்துவர ஆள் போயிருந்தது.

"மெஷின் வந்தா அஞ்சு நிமிஷம்" என்றார் எதிர்க்கடைக்காரர்.

பெரியவர் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பூட்டைத் திறக்க அவருக்குத் தெரியும்.

ஐம்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், எட்டு மாதம் சிறையிலிருந்துவிட்டு, பாதி உடம்பாகத் தம்பி வந்து நின்றான். நடந்ததை ஒரே ஒரு தடவை சொன்னான். சண்டை முடிகிற சமயம். எல்லையோர ஊரில் பூட்டிய வீடு ஒன்று. பூட்டு வேலை தெரிந்தவன் என்று அவனைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னார் அதிகாரி. கதவில் காதை வைத்தபோது உள்ளே ஒரு குழந்தை இருமியது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். அவன் கருவிகளைத் தரையில் வைத்துவிட்டான். "சொந்தக்காரங்க நிக்காமத் திறக்கமாட்டேன்" என்றான். வேறு ஆட்கள் கதவை உடைத்தார்கள். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று தம்பி சொல்லவில்லை. பெரியவர் கேட்கவும் இல்லை. அவருக்கு அன்று ஒரே கவலைதான்: தங்கை கல்யாணம் பேசியிருந்தது. சிறைக்குப் போனவன் வீடு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

"சண்டையில அடிபட்டு வந்துட்டேன்னு சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். தங்கை கல்யாணத்தில் தம்பி மூன்று பேரைக் காப்பாற்றியவன். அடுத்தடுத்த விசேஷங்களில் அது ஐந்தாகி, ஏழாகி, போன வருஷம் பேத்தி கல்யாணத்தில் பதினொன்றில் நின்றது. பெரியவர் சொல்லும்போதெல்லாம் தம்பி தலையைக் குனிந்துகொண்டு தட்டைப் பார்ப்பார். என்ன அடக்கம் பார் என்பார்கள்.

அந்த முதல் வாரமே தம்பி இந்தப் பூட்டைச் செய்தார். அண்ணன் கையைப் பிடித்துச் சாவியைக் கொடுத்துக் காட்டினார்: இடதுபக்கம் அரைச்சுற்று, ஒரு நெல் அளவு வெளியே இழுத்து, அப்புறம் வலதுபக்கம். "புக்கோட சேத்து நீ சொல்லச் சொன்ன பொய்யையும் உள்ள வெச்சிட்டேன் அண்ணே. திறக்கத் தெரிஞ்சது நாம ரெண்டு பேருதான்." அதற்குமேல் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இப்போது தெரிந்தவர் ஒருவர்தான். மெஷின் வந்து ஊர் பார்க்க அறுத்தால் எல்லாம் போயிற்று. தனியாகத் திறந்து, புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். கொடி வராது. ஆனால் பெயர் நிற்கும்.

எல்லோரும் கொஞ்சம் வெளியே இருங்கள், ஒரு தடவை நான் பார்க்கிறேன் என்றார். எதிர்க்கடைக்காரர் போனார். தம்பி மகள் போகவில்லை. அழுது முடித்த முகத்தோடு கதவைச் சாத்திவிட்டு வந்து பெட்டியின் பக்கத்தில் நின்றாள்.

"நீயும் போம்மா."

"அப்பா கடைல அது கிடையாது பெரியப்பா. சொந்தக்காரங்க நிக்காமப் பூட்டத் தொட முடியாது."

அது ஊருக்கே தெரிந்த வழக்கம். சாவியைத் தொலைத்துவிட்டு வெளியே நிற்கிறவர் யாராயிருந்தாலும், "யாருது?" என்று தம்பி கேட்பார். "என்னுது" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் கம்பியை எடுப்பார். ஒரு பெரும்புள்ளி, நான் யாரென்று தெரியுமா என்று குதித்தபோது, "அது தெரியுதுங்க. வீடு யாருது?" என்று கேட்டு, அவர் சொல்லும்வரை வெயிலில் நிற்கவைத்தவர்.

பெரியவர் சாவியை நுழைத்தார். இடதுபக்கம் அரைச்சுற்று. இழுத்தபோது அதிகமாக வந்துவிட்டது. மறுபடி நுழைத்தார். மறுபடி பிசகியது. வெளியே ஆட்டோ நின்ற சத்தமும், மெஷினை இறக்குகிற சத்தமும் கேட்டன.

"உங்களுக்குத் திறக்கத் தெரியும்" என்றாள் மகள். கேள்வியாக இல்லை.

அவர் நிமிரவில்லை. வியர்வை மூக்கு நுனியில் நின்றது.

"அப்போ காலைலேருந்து ஏன் பெரியப்பா சும்மா உக்காந்திருந்தீங்க? ஒரு நாள், ஒரே ஒரு நாள், நாலு பேரு அவருக்காக நேரா நிக்கட்டும்னுதானே நான் கெஞ்சிட்டிருக்கேன்." பிறகு, அப்பா கேட்கிற அதே தணிந்த குரலில் கேட்டாள்: "இதுல இருக்கறது யாருது?"

கதவைத் தட்டினார்கள். மகள் திறக்கவில்லை.

"என்னுது" என்றார் பெரியவர்.

சொன்னது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். சாவி ஒரு நெல் அளவு வெளியே வந்து, வலதுபக்கம் சத்தமில்லாமல் திரும்பியது.

பெட்டிக்குள் புத்தகத்தைத் தவிர ஒன்றுமில்லை. மகள் நின்றபடியே படித்தாள். கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி: ஆணைக்குப் பணிய மறுத்தார். நீக்கப்பட்டார். எந்த ஆணை என்று கேட்டாள். பெரியவர் சொன்னார். குழந்தை இருமியதையும் சொன்னார். அவள் புத்தகத்தை மூடி அவர் கையிலேயே கொடுத்தாள்.

அவர்தான் வாசலுக்கு எடுத்துப் போனார். செயலாளர் கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"நம்ம கைல இல்லைங்க ஐயா."

"தெரியும்" என்றார் பெரியவர்.

கொடி பைக்குள் போயிற்று. ஜிப் இழுபட்ட சத்தம் கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்டது. என்ன ஆயிற்று என்று யாரோ கேட்க, எல்லா முகமும் வழக்கம்போலப் பெரியவரிடம் திரும்பியது.

"அவன் யாரையும் காப்பாத்தல" என்றார். "நான் சொன்னதுதான் அதெல்லாம்."

அவர் உள்ளே வந்து தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். பூட்டு இன்னும் இடதுகையில் வாய்திறந்தபடி இருந்தது. பழக்கத்தில் கட்டைவிரல் வளையத்தை அமுக்கப் போயிற்று. அமுக்காமல், அதன்மேல் விரலை வைத்தபடியே இருந்தார். மகள் குனிந்து, காலையில் அப்பா மாட்டாமல் விட்ட இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.