டத்தோ பார்த்த மஞ்சள் வயிறு

டமார்! மேஜை அதிர்ந்த வேகத்தில் தே தாரிக் கோப்பைகள் துள்ளி விழுந்தன. குத்தியது பறவை பார்க்கும் குழுவின் தலைவர், சுல்தான் தந்த 'டத்தோ' பட்டக்காரர் ஷாருடின்.

"மஞ்சள் வயிறுதான்! நானும் அங்கதானே நின்னேன்?"

"வெள்ளை, டத்தோ" என்றாள் சியூ லான், மடியில் சிந்திய தேநீரைத் துடைத்தபடி.

நேற்றுக் காலை மூங்கில் புதரில் அவள் கண்ட ஈப்பிடிப்பானுக்கு வயிறு மஞ்சள் என்றால், அது இந்தப் பகாங் மலையில் தெருவுக்கு நாலு திரிகிற சாதா பறவை. வெள்ளை என்றால், இதுவரை இங்கே யாருமே பார்க்காத விருந்தாளி. கண்டுபிடித்தவள் என்று பதிவேட்டில் சியூ லான் பெயர் ஏறும். ஒன்பது வருடம் அட்டைக்கடி பட்டதற்கு ஒரு பலன். ஆனால் படம் எடுப்பதற்குள் அது பறந்துவிட்டது; கூட நின்ற ஒரே சாட்சி டத்தோ தலையசைக்க வேண்டும்.

"உன் மேல தப்பில்ல லா. உன் பைனாகுலர் அப்படி. மலிவுக் கண்ணாடி எல்லாத்தையும் வெளுத்துக் காட்டும். என்னோடது ஐரோப்பா!" டத்தோ தன் நெஞ்சில் தொங்கியதைப் பதக்கம் போலத் தடவிக் கொண்டார்.

"அப்போ ரெண்டையும் படம் எடுத்துப் பார்த்துடலாமே" என்றார் கடைக்கார சுராயா அக்கா. அவரும் குழுவில் உறுப்பினர்தான். "என் கடைச் சுவர் வெள்ளை. போன வாரம்தான் பூசினேன்."

டத்தோ முந்திக்கொண்டார். இரண்டு பைனாகுலர் பின்னாலும் தன் கைபேசியை ஒட்டிவைத்துச் சுவரைப் படம் எடுத்தார். இரண்டும் ஒன்று போல வந்தன. அவர் முகம் சுருங்கியது. ஐரோப்பாவும் அங்காடியும் ஒன்றா?

சியூ லான் சிரித்தாள். கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவள் அவள். "போன் தானாவே வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிக்கட்டிடும், டத்தோ. மாப்பிள்ளை எவ்வளவு கருப்பா இருந்தாலும் வெளுப்பாக்கிடும். அதை நம்பி நியாயம் கேக்கலாமா?"

தன் கேமராவை முக்காலியில் ஏற்றினாள். வெளிச்சம், நிறம் எல்லாவற்றையும் ஒரே அளவில் பூட்டினாள். மேகம் மூடி வெளிச்சம் ஒரே சீராக இருந்த நேரம் பார்த்து, முதலில் தன் பைனாகுலர் வழியாக ஒரு படம், பிறகு டத்தோவுடையது வழியாக ஒரு படம். நிஜமாகவே தன் கண்ணாடி வெளுத்துக் காட்டினால்?

மூவரும் கேமராத் திரையில் தலையை முட்டிக்கொண்டார்கள்.

அவள் படத்தில் சுவர் சுவராகவே இருந்தது. டத்தோவின் படத்தில் அது பழைய மோர் போல, மங்கலாய், மஞ்சளாய், திட்டுத் திட்டாய்.

"என் சுவரை யாரு இப்படி அழுக்காக்கினது?" என்றார் சுராயா அக்கா.

சியூ லான் டத்தோவின் பைனாகுலரை வாங்கி முன்பக்கம் டார்ச் அடித்தாள். கண்ணாடிக்கு உள்ளே வெள்ளை நூல் நூலாகப் பூசணம் படர்ந்திருந்தது.

"இதை எங்க வைக்கிறீங்க டத்தோ?"

"அதோட வந்த தோல் பெட்டியிலதான். அலமாரியில, பட்டுச் சட்டைக்குக் கீழ."

"இந்த மலை ஈரத்துலயா? நான் அரிசி டின்ல காய்ஞ்ச அரிசி போட்டு மூடி வைக்கிறேன். அக்கா கூட உலர்பெட்டி வச்சிருக்காங்க. தோல் பெட்டியில வச்சா காளான் வளர்க்கிறீங்கன்னு அர்த்தம்."

"மிளகாய்ச் சம்பால்ல போட்டு வதக்கிடலாம்" என்றார் அக்கா.

டத்தோ சிரிக்கவில்லை. சியூ லானின் பைனாகுலரைத் தயங்கித் தயங்கி எடுத்துக் கண்ணில் வைத்தார். எதிர் மரத்தில் ஒரு சாதாரண தேன்சிட்டு. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் மெல்லத் திறந்தது.

"என்ன டத்தோ, வெளுத்துக் காட்டுதா?" என்று அக்கா சீண்டினார்.

"சும்மா இருங்கக்கா" என்றாள் சியூ லான். "டத்தோ, இப்பவாவது சொல்லுங்க. நேத்து நான் காட்டினது வெள்ளையா, மஞ்சளா?"

டத்தோ பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே குரலைத் தாழ்த்தினார். "கண்ணுல புரை வந்துடுச்சுன்னு நெனச்சு, மூணு வருஷமா வெளியில சொல்லாம இருக்கேன்மா... நேத்து நீ கையைக் காட்டி 'ஆகா'ன்னே, நானும் 'ஆகா'ன்னேன், அங்க பறவை இருந்ததே எனக்குத் தெரியாது."