வெள்ளிக்கிழமை மீன்

காரணம் தெரியாத சோறு அஞ்சலீனாவுக்குத் தொண்டையில் இறங்காது. புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மெரிலேண்ட்ஸ் வீட்டுக்கு யாராவது ஒரு சுண்டு அரிசி கொண்டுவந்தாலும் ஏன், எதற்கு என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள். அப்படிப்பட்டவளை, ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்துச் சனிக்கிழமை ஒன்றில், புருஷன் யாக்கோபு நகரத்துக் கசினோவுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். இரண்டு பேருக்கும் இலவசமாம்.

மாதத்தில் ஒருநாள் வேலைக் கூட்டாளிகளோடு எட்டிப் பார்ப்பதாகத்தான் அவன் சொல்லியிருந்தான். எட்டிப் பார்க்கிறவனுக்கு எதற்கு இலவசமாக இறாலும் வாத்தும்? அவளுக்கு மண்டை குடைந்தது. ஆனாலும் சாப்பிடப் போகிற இடத்துக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு போவது அவள் வளர்ந்த மன்னாரில் இல்லை. முதல்நாளே பயத்தம் பணியாரம் சுட்டுப் பிஸ்கட் டின்னில் அடுக்கிவிட்டாள். அது கலியாண வீடில்லை என்று யாக்கோபு தலையில் அடித்துக்கொண்டான். அவள் டின்னை விடவில்லை.

வாடிக்கை ஆட்டக்காரர்களைக் கவனிக்கும் மேசையில் ராதா என்ற மலேசியத் தமிழ்ப் பெண் இருந்தாள். டின்னை இரண்டு கையாலும் வாங்கினாள். மூன்று வருஷத்தில் அந்த மேசைக்கு யாரும் தின்னக் கொண்டுவந்ததில்லையாம். யாக்கோபு கை கழுவப் போனதும் அஞ்சலீனா கேள்விகளை அவிழ்த்துவிட்டாள்.

ராதாவும் சளைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. அதைச் சூதாட்ட மெஷினில் செருகினால் எத்தனை மணித்தியாலம் குந்தியிருந்தார்கள் என்று கணக்காகும். சாப்பாடு அதிலிருந்துதான் வருகிறது. பிறந்தநாள், பிடித்த கதிரை, தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி, எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும். வழக்கமாக வருகிற நாளில் ஆளைக் காணவில்லை என்றால் போன் போட்டுச் சுகம் விசாரிப்பார்கள். அஞ்சலீனா வாயைப் பிளந்தாள். கோயிலில் பூசை வைக்கிற சுவாமிகூட இப்படி விசாரித்ததில்லை.

ஒரு சாப்பாட்டுக்கு எத்தனை மணித்தியாலம் என்று கேட்டாள். அதைச் சொல்லக்கூடாது என்று சிரித்த ராதா, பணியாரத்துக்குப் பதில் மரியாதையாக வேறொன்றைச் சொன்னாள்.

"இன்னைக்குச் சனி, அதனால இறைச்சி இருக்கு ஆண்டி. வெள்ளிக்கிழமைன்னா அங்கிளுக்கு மீன் மட்டுந்தான். ஈஸ்டர் வரைக்கும் அப்படித்தான்னு எழுதி வச்சிருக்கோம்."

வெள்ளிக்கிழமை யாக்கோபுவுக்கு லீவு நாள், ஆனாலும் பிளாக்டவுன் தொழிற்சாலையில் ஓவர்டைம். அப்படித்தான் ஒரு வருஷமாகச் சொல்லிவருகிறான். தபசு தொடங்கியதிலிருந்து அவளும் விடியமுன் குசினிக்குள் நின்று, இறைச்சி சேர்க்காத நாளென்று மீன் பொரித்துக் கட்டிக் கொடுக்கிறாள். ஆண்டவருக்குப் பயந்து இறைச்சியை விட்டவன் தன்னிடம் பொய்சொல்லப் பயப்படவில்லையே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. வாத்து இறங்கவில்லை. ரயிலில் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதிலேயே யாக்கோபுவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் கட்டித் தாற மீன் எங்க போகுது?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "ரயிலிலேயே சாப்பிட்டிடுவன். எறிய மனம் வராது."

"பிறகு அங்கயும் சாப்பிடுறனீங்களோ?"

"ஓம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இனிமேல் அந்தப் பக்கமே போவதில்லை என்றான். வெள்ளிக்கிழமை வரட்டும், பார்ப்போம் என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஓவர்டைம் என்ற பேச்சில்லை. யாக்கோபு வீட்டுக்குள் இருப்புக்கொள்ளாமல் நடந்தான், இரண்டு தரம் சப்பாத்தைப் போட்டுக் கழற்றினான். பன்னிரண்டு மணிக்கு அவள் சுடுசோறும் மீன்குழம்பும் போட்டு அவனைக் கதிரையில் இருத்தினாள். முதல் பிடியை அவன் பிசையும்போது போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள்.

அங்கிளைக் காணோமே, உடம்புக்கு ஏதுமா என்று ராதா அன்பாகவே கேட்டாள். மீன் எடுத்து வைத்திருக்கிறார்களாம்.

யாக்கோபுவின் கை சோற்றில் நின்றது. அவன் அவளைப் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவர் வீட்டில சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், பிள்ளை," என்றாள் அஞ்சலீனா. "அதையும் எழுதி வையுங்கோ."