விடிந்தும் காயாத டாப்ஸ்

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பஞ்சு டெய்லர் என்றால்தான் தெரியும். அவள் கடைக்குப் பாலியஸ்டர் துணி கொண்டுபோனவர்கள் திட்டு வாங்காமல் திரும்பியது கிடையாது. துணி ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவுவாள், தீக்குச்சி கிழிப்பாள். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி, பிழைத்தீர்கள். கறுப்பாக உருண்டு திரண்டு நின்றால் போச்சு. "உடம்புல பிளாஸ்டிக் பையைச் சுத்திக்கிட்டா திரியப்போறீங்க? வேர்வை எங்க போகும்க்கா, உங்க வீட்டுக்காரர் தலையிலயா?" என்று கடையே சிரிக்கும்படி கேட்பாள்.

இப்படிப்பட்டவள்தான் சொந்த அண்ணிக்கு அந்த வேலையைச் செய்தாள்.

அண்ணி கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவள். முனைப் பேக்கரியில் வேலை கிடைத்ததும், கருநீலத்தில் இரண்டு டாப்ஸ் வேண்டும் என்று வந்து நின்றாள். அங்கே எல்லோருக்கும் கருநீலம்தானாம். டெய்லரிடம் நல்ல கருநீலப் பருத்தி இருந்தது. ஆனால் அதை ஒரு டீச்சரம்மா சொல்லிவைத்திருந்தாள். பீரோ மேலே இன்னொரு கருநீலமும் கிடந்தது, யாரோ திட்டு வாங்கிக்கொண்டு விட்டுப்போன பாலியஸ்டர். கத்தரி எதன் மேல் போயிற்று என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? வீட்டு ஆள்தானே, தையல் கூலியா தரப்போகிறாள் என்று மனசு சொன்னது. மனசுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடும்.

அண்ணிக்கு டாப்ஸ் ரொம்பப் பிடித்துவிட்டது. சாயங்காலம் அலசி மொட்டை மாடிக் கொடியில் போட்டால், அடுப்பில் உலை கொதிப்பதற்குள் காய்ந்துவிடும். இஸ்திரியும் வேண்டாம். "துணி எடுத்தா என் நாத்தனார் மாதிரி எடுக்கணும்" என்று ரொட்டி வாங்க வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தாள். அத்தனை பெருமையும் டெய்லர் காதுக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தெருவில் எதுதான் வந்து சேராது?

பிறகு அண்ணி சொறிய ஆரம்பித்தாள். கழுத்து, அக்குள், முதுகு எல்லாம் சிவந்து தடித்தது. சோப்பை மாற்றினாள், முட்டையை நிறுத்தினாள். மருந்துக்கடைக்காரர் "மாவு ஒத்துக்கலையோ என்னமோ" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவைத்தார். அவ்வளவுதான், தெருவே பேக்கரி மாவின் மேல் பாய்ந்தது. புழு என்றார்கள், பவுடர் கலப்படம் என்றார்கள். ஒருத்தியாவது துணியைச் சொன்னாளா? பஞ்சு டெய்லர் தைத்ததாயிற்றே!

ஒருநாள் அண்ணி கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"மாசக் கடைசியோட நின்னுக்கறேன்னு சொல்லிட்டேன்மா."

"ஏன் அண்ணி?"

"உடம்பு கேக்கலையே. நான் போடற பன்னுக்குன்னே ஆளு வருதாம், பேக்கரிக்காரரே சொன்னாரு. இத்தனை வருஷத்துல உங்க அண்ணன் ஒருநாள் சொல்லியிருப்பாரா, நல்லாயிருக்குன்னு?"

சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டாள். டாப்ஸ் கையால் கண்ணைத் துடைத்தாள். அந்தத் துணி கண்ணீரைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை, கன்னம் முழுக்க ஈரத்தைப் பரப்பிவிட்டதுதான் மிச்சம்.

டெய்லர் வாயைத் திறந்தாள். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வெளியே வந்தது என்னவோ, "பவுடர் போட்டுப் பாருங்க அண்ணி" என்பதுதான்.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்பு வாயில் நிற்கிறவளுக்குப் போய், ஒரு பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்கிற துணியை மாட்டிவிட்டோமே என்று தட்டை நகர்த்திவைத்தாள். சொல்லிவிட்டால் அண்ணிக்கு வேலை தங்கும். ஆனால் பஞ்சு டெய்லர் என்ற பேர்? அந்தப் பேரில்தானே கடை ஓடுகிறது!

சொல்லாமலே சரிசெய்ய ஒரு வழி கண்டுபிடித்தாள். டீச்சரம்மாவுக்கு வைத்திருந்த பருத்தியை வெட்டி, அதே அளவில், அதே கழுத்தில் இரண்டு டாப்ஸ் தைத்தாள். அண்ணி ஒன்றை உடுத்திக்கொண்டு வேலைக்குப் போன பகலில், கொடியில் கிடந்த மற்றதை உருவி, புதியதை மாட்டினாள். மறுநாள் அடுத்தது. சொந்த வீட்டு மாடியில் திருடி மாதிரிப் பதுங்கிப் படியிறங்கியதை எதிர்வீட்டு ஜன்னல் பார்க்காமல் இருக்குமா? பார்த்தது. ஆனால் துணி எடுக்கப் போனாள் என்று நினைத்துக்கொண்டது.

அண்ணியின் சொறி மெல்ல அடங்கியது. டெய்லருக்கு மூச்சு வந்தது. இனி அவளே வேலையில் தங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டாள். இத்தனை கெட்டிக்காரி ஒன்றை மறந்துவிட்டாள். பருத்தி தண்ணீரைக் குடிக்கும், குடித்ததை லேசில் விடாது.

வானம் மூடிக்கொண்ட ஒரு காலையில் அண்ணி படியிறங்கி வந்தாள். கையில் கருநீல டாப்ஸ், தரையெல்லாம் சொட்டு.

"நாத்தனாரே, இது யாரோடது?"

"உங்களோடதுதான் அண்ணி."

"என்னோடது உதறினாலே காஞ்சிடும். இது விடிஞ்சும் சொட்டுது."

"மழைக்காத்து..."

"ரெண்டு டாப்ஸும் ஒண்ணாவா மாறும்? சொறி நின்னதும் அப்பத்துலேர்ந்துதான்." அண்ணி மேஜையிலிருந்த தீப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். "நீயே பத்தவெச்சுக் காட்டு."

டெய்லர் தீக்குச்சியைத் தொடவில்லை. மிஷினுக்கு அடியிலிருந்து பழைய இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தாள். "வீட்டு ஆள்தானேன்னு நெனச்சுட்டேன், அண்ணி" என்றாள்.

அண்ணி கத்தியிருந்தால் தேவலை. "ஊருக்கெல்லாம் பருத்தி," என்று மட்டும் சொன்னாள். பிறகு, "என் இடத்துக்கு நாளைக்கு வேற ஆளு வருது. மாவு மேல பழியைப் போட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட போய்க் கேப்பேன்?"

அதற்கு மேல் டெய்லரால் உட்கார முடியவில்லை. கடையைப் பூட்டாமலே நடந்தாள்.

பேக்கரியில் காலைக் கூட்டம். எதிர்வீட்டு அக்கா உட்படப் பாதித் தெரு அங்கே நின்றது. டெய்லர் கல்லா முன்னால் போய், "அண்ணே, மாவுல ஒண்ணும் இல்ல. நான்தான் அண்ணிக்குப் பாலியஸ்டர் தெச்சுக் குடுத்துட்டேன்," என்றாள்.

பேக்கரிக்காரர் இத்தனை நாள் பேச்சு வாங்கியே இளைத்துப்போயிருந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இன்னொரு தடவை சத்தமா சொல்லும்மா. பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."

சொன்னாள். இந்தத் தடவை தெருக்கோடி வரை கேட்டது.

மறுநாள் புதிதாக வந்தவளை அவர் கல்லாவில் உட்காரவைத்தார். அண்ணி அடுப்படியிலேயே தங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து டெய்லரிடம் தைத்தவர்களெல்லாம் ஆளுக்கொரு தீப்பெட்டியோடு வந்தார்கள். அவள் எதிரிலேயே நூலை உருவிக் கொளுத்தினார்கள். எல்லாம் சாம்பலாகத்தான் உதிர்ந்தது. ஒருத்தியும் மன்னிப்புக் கேட்கவில்லை. டீச்சரம்மா வேறு கடை பார்த்துக்கொண்டாள்.

அண்ணி இப்போது தினம் காலையில் காயாத டாப்ஸைக் கீழே கொண்டுவந்து கொடுக்கிறாள். டெய்லர் இஸ்திரிப் பெட்டியை வைத்து ஆவி பறக்கப் பறக்கக் காயவைக்கிறாள். பழைய கேலி, சிரிப்பு எதுவும் இல்லை. அண்ணி வாங்கித் தடவிப் பார்ப்பாள்.

"கழுத்துப் பக்கம் இன்னும் ஈரம்."

டெய்லர் திரும்ப வாங்கித் தேய்ப்பாள்.